மேசைப் பாத்திரமேற்பு ஆட்டக் குழுவில் நட்பு

மேசைப் பாத்திரமேற்பு ஆட்டம் என்பது, சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பெரும்பாலும் பேச்சினாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் ஆட்டவகை ஆகும். 1974ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் இவ்வகையில் வணிக முறையில் வெளிவந்த முதல் ஆட்டமாகும். சதுரங்கத்திலோ தாயத்திலோ எதிரே அமர்ந்திருப்பவர் முன்பின் அறியாதவராக இருந்தாலும் ஆட்டம் குறைவுபடுவதில்லை. பாத்திரமேற்பு ஆட்டத்தில் பலகையும் காய்களும் இல்லாமலும் ஆடலாம்; குழு இல்லாமல் ஆட முடியாது. ஆகவே ஆடுவோரிடையே உள்ள நட்பு இவ்வாட்டத்தின் மூலப்பொருள் எனலாம். இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களும் நண்பர்களே. அவர்கள் ஒன்றுசேர்ந்து கற்பனை செய்தது விற்பனைப் பொருளானபோது அந்நட்புக்கு நேர்ந்தது இவ்வாட்ட வரலாற்றின் முக்கியமான பகுதியாகும்.

ஆட்டத்தின் அமைப்பு

ஒரு குழுவில் பொதுவாக நான்கு முதல் ஆறு ஆட்டக்காரரும், அவர்களுக்கு எதிரே ஓர் ஆட்ட நடத்துநரும் இருப்பர். நடத்துநர் சூழ்நிலையைக் கூறுவார்: பாழடைந்த கோட்டை, பாதி திறந்த கதவு, உள்ளிருந்து வரும் ஓசை. என்ன செய்வது என்று ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தின் நிலையில் நின்று சொல்வர். விளைவு உறுதியில்லாத இடங்களில் பகடை உருட்டப்படும். தெருக்கூத்து பார்த்தவர்கள் நடத்துநரை ஓரளவு கட்டியங்காரனுடன் ஒப்பிடலாம். இருவரும் கதைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் நிற்பவர்கள். ஆனால் கூத்தில் கதையின் முடிவு எல்லோருக்கும் தெரியும். இங்கு நடத்துநருக்கே தெரியாது.

இவ்வாட்டத்தில் வெற்றி தோல்வி கிடையாது. ஓர் அமர்வு மூன்று நான்கு மணி நேரம் நீளும். அமர்வுகள் தொடர்ந்து ஒரு தொடராட்டம் ஆகும். அது சில மாதங்களோ பல ஆண்டுகளோ நடக்கலாம். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே ஆட்களுடன் கூடவேண்டியிருப்பதால் பழக்கம் தானாகவே உறுதிப்படுகிறது. அதைவிட முக்கியமானது, நடவாத ஒன்றைப் பற்றிய பொது நினைவு. "பாலத்தில் நீ என்னைக் கைவிட்டுப் போனாயே" என்று ஒருவர் பத்து ஆண்டுகள் கழித்துச் சொன்னால், மேசையில் இருந்த ஐவருக்கு மட்டுமே அது புரியும். அப்படி ஒரு பாலம் எங்கும் இருந்ததில்லை. ஆயினும் அந்த நினைவு அவர்களுக்குள் மெய்யான நினைவுகளுக்குரிய வேலையைச் செய்கிறது.

தோற்றம்

இவ்வாட்டத்தின் வேர்கள், சிறு உருவங்களை மேசைமீது அணிவகுத்துப் பழைய போர்களை மீண்டும் நடத்திப் பார்க்கும் போர் ஆட்டங்களில் உள்ளன. மினசோட்டா மாநிலத்தின் இரட்டை நகரங்களான மினியாபொலிஸ், செயின்ட் பால் ஆகியவற்றில் 1960களில் அத்தகைய ஆர்வலர் குழு ஒன்று இருந்தது. அதில் ஒருவரான டேவிட் வெசலி 1969இல் நெப்போலியன் காலத்துக் கற்பனை ஊர் ஒன்றை அமைத்து, படைத்தலைவர்களுடன் நகரத் தலைவர், வங்கியாளர், பல்கலைக்கழகத் தலைவர் போன்ற தனிமனிதப் பாத்திரங்களையும் நண்பர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஊரின் பெயரான பிரவுன்ஸ்டைன் என்பதே ஆட்டத்துக்கும் பெயராயிற்று. நண்பர்கள் மேசையை விட்டு எழுந்துபோய்த் தனித்தனியே கூடிப் பேசிச் சதித்திட்டம் தீட்டினர். திட்டமிட்ட போர் நடக்கவே இல்லை. ஆட்டம் தோல்வி என்று வெசலி கருதினார். நண்பர்களோ மீண்டும் எப்போது என்று கேட்டனர்.

அதே குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் (1947-2009) இந்த முறையை 1971 அளவில் கற்பனையான இடைக்கால உலகம் ஒன்றுக்குக் கொண்டு சென்றார். பிளாக்மூர் எனப்பட்ட அந்த உலகம் செயின்ட் பாலில் அவருடைய பெற்றோர் வீட்டு நிலவறையில் ஆடப்பட்டது. தொடக்கத்தில் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் தம்மையே பாத்திரங்களாக வைத்து ஆடினர். டேவிட் ஃபான்ட் என்ற நண்பரின் பாத்திரம் இரத்தம் உறிஞ்சும் பேயாக மாறி 'சர் ஃபாங்' ஆனது. அதன் வலிமை மற்றவர்களுக்குத் தாங்க முடியாததாகப் போகவே, அதனை எதிர்க்க மைக் கார் என்ற நண்பர் சமயகுருப் பாத்திரம் ஒன்றை ஏற்றார். இன்று உலகெங்கும் இவ்வாட்டத்தில் உள்ள 'குரு' என்னும் வகுப்பு இங்கிருந்து தோன்றியது. ஒரு நிலவறையில் இரு நண்பர்களுக்கிடையே சமநிலை காண வேண்டியிருந்தது என்பதே அதன் காரணம்.

அங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், விஸ்கொன்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸ் (1938-2008) வாழ்ந்தார். காப்பீட்டு நிறுவன வேலையை இழந்தபின் வீட்டில் காலணி பழுதுபார்த்துக் குடும்பம் நடத்தியவர் இவர். 1968இல் அவ்வூரில் ஜென் கான் என்ற ஆட்டக்காரர் மாநாட்டைத் தொடங்கினார். 1969இல் நடந்த இரண்டாம் மாநாட்டில் ஆர்னசனைச் சந்தித்தார். ஜெஃப் பெரனுடன் இணைந்து கைகாக்ஸ் எழுதிய செயின்மெயில் (1971) என்ற இடைக்காலப் போர் விதிகளை ஆர்னசன் பிளாக்மூரில் பயன்படுத்தினார். 1972இன் பிற்பகுதியில் ஆர்னசனும் அவருடைய நண்பர் டேவிட் மெகாரியும் லேக் ஜெனீவாவுக்குப் பயணம் செய்து கைகாக்சின் வீட்டில் பிளாக்மூரை ஆடிக் காட்டினர். இது எழுத்தில் விளக்க இயலாத ஆட்டம். உடனமர்ந்து ஆடியே கற்பிக்க வேண்டியிருந்தது. கைகாக்ஸ் உடனே தாமும் கிரேஹாக் என்ற உலகை அமைத்தார். அதில் முதலில் இறங்கியவர்கள் அவருடைய பிள்ளைகளான எர்னியும் எலீசும். அடுத்து நண்பர்களான டான் கேய், ராப் குன்ட்ஸ், டெர்ரி குன்ட்ஸ் ஆகியோர் சேர்ந்தனர்.

விதிநூலில் நண்பர்களின் பெயர்கள்

ஆட்டத்தின் விதிநூல்களைப் படிப்போர் சில மந்திரங்களுக்கு விந்தையான பெயர்கள் இருப்பதைக் காணலாம். 'டென்சரின் மிதக்கும் தட்டு' என்பதில் வரும் டென்சர் எர்னியின் பாத்திரம். எர்னெஸ்ட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றினால் அப்பெயர் கிடைக்கும். ஜிம் வார்டு என்ற நண்பரின் பெயரைப் பின்னிருந்து எழுதியதே 'டிராமிஜ்'. 'மெல்ஃபின் அமில அம்பு' கைகாக்சின் மற்றொரு மகனான லூக்கின் பாத்திரத்தின் பெயரைக் கொண்டது. டான் கேய் ஏற்ற மர்லிண்ட், ராப் குன்ட்ஸ் ஏற்ற ரோபிலார் ஆகியோர் பின்னாளில் வெளியான கிரேஹாக் நூல்களில் அவ்வுலகின் புகழ்பெற்ற மாந்தராக இடம்பெற்றனர்.

ஆட்டத்தின் உரிமையைப் பின்னர் பெற்ற விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம், 2000ஆம் ஆண்டில் பிறரும் பயன்படுத்தலாம் என்று அடிப்படை விதிகளைப் பொதுவில் வெளியிட்டது. அத்தொகுப்பில் மந்திரங்கள் உண்டு, பெயர்கள் இல்லை. வெறும் 'மிதக்கும் தட்டு', வெறும் 'அமில அம்பு' என்றே அவை காணப்படுகின்றன. பெயர்கள் நிறுவனத்தின் தனிச்சொத்தாக ஒதுக்கப்பட்டன. ஒரு வீட்டில் பிள்ளைகளும் நண்பர்களும் விளையாட்டாக வைத்துக்கொண்ட பெயர்கள் இந்நிலையை அடைந்தது சிந்திக்கத்தக்கது.

வணிகமும் பிளவும்

ஆர்னசனின் குறிப்புகளையும் தம் குழுவில் ஆடிப்பார்த்த அனுபவத்தையும் கொண்டு கைகாக்ஸ் விதிகளை எழுதினார். வெளியிடப் பதிப்பகம் கிடைக்காததால், 1973 அக்டோபரில் சிறுவயது நண்பரான டான் கேயுடன் சேர்ந்து டி.எஸ்.ஆர். என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தம் பங்குக்கான பணத்தைக் கேய் ஆயுள் காப்பீட்டின்மீது கடனாகப் பெற்றார். அதுவும் போதாமற்போகவே பிரையன் புளூம் என்ற ஆர்வலர் பங்காளியாகச் சேர்க்கப்பட்டார். 1974 தொடக்கத்தில் மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியாக ஆட்டம் வெளியானது. முதலில் அச்சிட்டவை 1000 படிகள். ஆசிரியர்களாகக் கைகாக்ஸ், ஆர்னசன் ஆகிய இருவர் பெயரும் இடம்பெற்றன.

1975 சனவரி 31 அன்று கேய் மாரடைப்பால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. அவருடைய பங்கை வாங்கும் வசதி கைகாக்சுக்கு இல்லை. நிறுவனம் சீரமைக்கப்பட்டபோது பெரும்பான்மைப் பங்கு புளூம் குடும்பத்தினரிடம் சென்றது. இரு நண்பர்கள் தொடங்கிய நிறுவனத்தில் எஞ்சியிருந்தவர் சிறுபான்மைப் பங்காளர் ஆனார். பத்தாண்டுகள் கழித்து, 1985இல், கைகாக்ஸ் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டதற்கான விதை இங்கேயே விழுந்துவிட்டது எனலாம்.

ஆர்னசன் 1976இல் டி.எஸ்.ஆரில் வேலைக்குச் சேர்ந்து அதே ஆண்டு இறுதிக்குள் விலகினார். 1977 முதல் 1979 வரை ஆட்டத்தின் 'மேம்பட்ட' வடிவம் கைகாக்சின் பெயரில் மட்டும் நூல்களாக வெளியானது. இது வேறொரு ஆட்டம், ஆகவே ஆர்னசனுக்கு உரிமைத்தொகை இல்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. 1979இல் ஆர்னசன் வழக்குத் தொடர்ந்தார். 1981இல் வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. இருவரும் ஆட்டத்தின் 'இணை உருவாக்குநர்' என்று குறிப்பிடப்படலாயினர்.

யார் எவ்வளவு உருவாக்கினார் என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. இருவர் பக்கமும் நின்று வாதிடுவோர் உள்ளனர். ஆனால் கேள்வியின் அமைப்பே சற்றுக் கோணலானது. பாத்திரம் அனுபவத்தால் வளர்வது, நிலவறையில் இறங்கித் தேடுவது, தொடர்ந்து நடக்கும் உலகம் ஆகியவை பிளாக்மூர் மேசையில் பலர் ஆடி ஆடி உருவானவை. அவற்றைப் பிறர் படித்து ஆடக்கூடிய நூலாக்கிய உழைப்பு கைகாக்சினுடையது. ஒரு மேசையில் பலர் சேர்ந்து சொன்ன கதையில் எந்தச் சொல் யாருடையது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அப்படி எழுதி வைப்பவர்களால் அந்தக் கதையைச் சொல்லியிருக்கவும் முடியாது. நட்பின் காலத்தில் தேவைப்படாத அந்தக் கணக்கை நீதிமன்றம் கேட்டது.

இருவரும் முற்றிலும் பகைவராகவே இருந்தனர் என்று கூறுவது பொருந்தாது. 1980களின் நடுவில், தாம் பொறுப்பில் இருந்தபோது, பிளாக்மூரைப் பற்றிய ஆட்ட நூல்களை எழுதுமாறு கைகாக்ஸ் ஆர்னசனை அழைத்தார். அந்நூல்கள் 1986, 1987 ஆண்டுகளில் வெளியாயின. அதற்குள் கைகாக்ஸ் நிறுவனத்தில் அதிகாரத்தை இழந்திருந்தார். வரிசை நான்கு நூல்களோடு நின்றது. 2008 மார்ச் 4 அன்று கைகாக்ஸ் காலமானார். இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் லேக் ஜெனீவாவில் ஒரு கூடத்தில் கூடி அவர் நினைவாக ஆட்டங்கள் ஆடினர். அது 2009 முதல் கேரி கான் என்ற ஆண்டு மாநாடாக வளர்ந்தது. ஆர்னசன் 2009 ஏப்ரல் 7 அன்று காலமானார்.

சமூகவியல் நோக்கு

இத்தகைய குழுக்களை முதன்முதலாக விரிவாக ஆராய்ந்தவர்களுள் அமெரிக்கச் சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன் குறிப்பிடத்தக்கவர். 1970களின் பிற்பகுதியில் மினியாபொலிசில் ஒரு மன்றத்திலும் சில தனிக் குழுக்களிலும் தாமே ஆட்டக்காரராகச் சேர்ந்து கவனித்து, 1983இல் ஒரு நூல் வெளியிட்டார். மேசையில் இருப்பவர் ஒரே நேரத்தில் மூன்று நிலைகளில் இயங்குகிறார் என்பது அவர் கருத்து. ஒன்று, வேலையும் பசியும் உடைய மனிதர். இரண்டு, விதிகளை அறிந்த ஆட்டக்காரர். மூன்று, கற்பனை உலகில் வாழும் பாத்திரம்.

நட்பு தொடர்பான இன்பங்களும் சிக்கல்களும் பெரும்பாலும் இம்மூன்றுக்கும் இடையிலான எல்லைகளில் நிகழ்கின்றன. பாத்திரங்கள் ஒன்றையொன்று வஞ்சிக்கும்போது அதை ஆடும் நண்பர்கள் கூடிச் சிரிக்கலாம். மாறாக, காலையில் அலுவலகத்தில் நேர்ந்த மனக்கசப்பு மாலையில் ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்தைக் காப்பாற்ற மறுப்பதாக வெளிப்படலாம். "என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்" என்ற சாக்கு இவ்வட்டாரங்களில் மிகவும் பழையது. கூச்சம் மிகுந்த ஒருவர் பாத்திரத்தின் வாயிலாகத் தம் நன்றியையோ அச்சத்தையோ முதன்முறையாகச் சொல்ல முடிவதும் உண்டு.

ஒன்றாக ஆடுவதால் ஒருவரை முழுதும் அறிந்துவிடலாம் என்று கொள்வதற்கில்லை. ஃபைன் கவனித்த குழுக்களில் ஒன்றை நடத்தியவர், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியவியல் பேராசிரியராக இருந்த எம். ஏ. ஆர். பார்க்கர். தாம் படைத்த டெக்குமேல் என்ற உலகில் பல பத்தாண்டுகள் வியாழன்தோறும் நண்பர்களுடன் ஆடியவர். 2012இல் அவர் இறந்தார். 1991இல் வேறொரு பெயரில் வெளியான, நாசிசக் கொள்கையைப் பரிந்துரைக்கும் புதினம் ஒன்றை எழுதியவர் அவரே என்பதை, அவருடைய படைப்புகளைப் பேணும் அறக்கட்டளை 2022இல் உறுதிப்படுத்தியது. பலருக்கு இது பேரதிர்ச்சியாக இருந்தது.

குழு நடைமுறைகள்

நட்புக் குழுக்கள் கலைவதற்கு மிகப் பொதுவான காரணம் சண்டை அன்று. எல்லோருக்கும் ஒத்துவரும் நாள் கிடைக்காமைதான். திருமணம், இடமாற்றம், குழந்தைகள் ஆகியவை எந்த அரக்கனையும் விட அதிகமான தொடராட்டங்களை முடித்து வைத்துள்ளன.

நண்பர்கள் என்பதாலேயே எதையும் பேசலாம் என்ற எண்ணம் மாறி வந்துள்ளது. கதையில் இடம்பெறவே கூடாதவை எவை, இடம்பெற்றாலும் திரை மறைவில் நிகழவேண்டியவை எவை என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் முறையை ரான் எட்வர்ட்ஸ் 2003இல் எழுதினார். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் 2013 அளவில் பரப்பிய முறையில், பெருக்கல் குறியிட்ட அட்டை ஒன்று மேசை நடுவில் வைக்கப்படும். யார் அதைத் தொட்டாலும், காரணம் கேட்காமல் அக்காட்சி கைவிடப்படும். ஆட்டம் தொடங்குமுன் இவற்றையெல்லாம் பேசி முடிவு செய்ய ஒரு கூட்டம் நடத்துவது இன்று பல குழுக்களில் வழக்கமாகிவிட்டது. நண்பர்களுக்குள் இவ்வளவு ஒழுங்குமுறை எதற்கு என்று கேட்போரும் உண்டு. நண்பனிடம் 'வேண்டாம்' என்று சொல்வது அயலாரிடம் சொல்வதைவிடக் கடினம் என்பதே அதற்கான விடை.

1980களில் ஐக்கிய அமெரிக்காவில் இவ்வாட்டம் இளைஞரைத் தற்கொலைக்கும் பேய் வழிபாட்டுக்கும் தூண்டுகிறது என்ற அச்சம் பரவியது, அக்குற்றச்சாட்டுகள் நிறுவப்படவில்லை. பின்னாளில் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் (2016) போன்ற தொலைக்காட்சித் தொடர்கள் இவ்வாட்டத்தைச் சிறுவர் நட்பின் அடையாளமாகவே காட்டின. குரல் நடிகர்களான நண்பர்கள் சிலர் வீட்டில் ஆடி வந்த ஆட்டம், 2015 முதல் கிரிட்டிக்கல் ரோல் என்ற பெயரில் இணையத்தில் ஒளிபரப்பாகி நிறுவனமாக வளர்ந்தது. அதன் பிறகு, பிறர் ஆடுவதைப் பார்ப்பதும் ஒரு பொழுதுபோக்காயிற்று.

சிறையில் ஆட்டம்

இவ்வாட்டத்துக்குத் தேவையானவை மிகக் குறைவு என்பதால் அது சிறைகளுக்குள்ளும் சென்றுள்ளது. விஸ்கொன்சின் மாநிலத்தில் வாபன் சிறையிலிருந்த கைதி ஒருவரின் ஆட்ட நூல்களையும் அவர் கையால் எழுதிய தொடராட்டக் குறிப்புகளையும் அதிகாரிகள் பறிமுதல் செய்தனர். ஒருவர் சொல்ல மற்றவர்கள் பின்பற்றும் இந்த அமைப்பு குற்றக்கும்பலின் அமைப்பை ஒத்தது என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. கைதி வழக்குத் தொடர்ந்தார். ஆட்டம் கும்பல்களிலிருந்து விலகி நிற்கவே உதவுகிறது என்று உடன்கைதிகளும் பிறரும் வாக்குமூலம் அளித்தனர். எனினும் 2010 சனவரியில் ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சிறை நிர்வாகத்தின் தடையை ஏற்றது. பாத்திரமேற்பு ஆட்டக் குழு எத்தகைய உறவு என்று ஒரு நீதிமன்றம் ஆராய நேர்ந்த அரிய நிகழ்வு இது.

டெக்சாஸ் மாநிலத்தில் மரண தண்டனை பெற்ற ஆண்கள் லிவிங்ஸ்டன் அருகிலுள்ள பொலன்ஸ்கி சிறையில் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டுள்ளனர். நாளின் பெரும்பகுதியை ஒருவரை ஒருவர் காண இயலாத தனித்தனி அறைகளில் கழிக்கின்றனர். அவர்களுள் சிலர் பல ஆண்டுகளாக இவ்வாட்டத்தை ஆடி வந்தது 2023இல் இதழியலாளர் கெரி பிளாக்கிங்கர் எழுதிய கட்டுரையால் பரவலாகத் தெரியவந்தது. சிறையில் பகடைக்கு அனுமதி இல்லை. எண்கள் எழுதிய சுழல் அட்டைகளை அவர்களே செய்துகொண்டனர். நிலப்படங்களைக் கையால் வரைந்தனர். அறைக் கதவுகளின் வழியே உரக்கப் பேசியும், கடிதங்களைக் கைமாற்றியும் ஆட்டம் நடந்தது. ஒரே மேசையில் என்றுமே அமர முடியாதவர்கள் ஒரே பயணக்குழுவாக ஆண்டுக்கணக்கில் ஒரு கற்பனை உலகில் சென்றனர். அக்குழுவின் ஆட்டக்காரர் ஒருவருக்கு 2020 சூலை 8 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.